கறுப்புத் துணி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்? அலைச்சறுக்குப் பலகை பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் படகிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விழும் பைபர்கிளாஸ் விரிசல்களை ஒட்டும் முறையைப் பற்றி எழுதியபோது, அலைச்சறுக்குப் பலகையையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. வடகிழக்குப் பருவமழையோடு மலேசியாவின் கிழக்குக் கரையோரம் டெசாருவிலும் செராத்திங்கிலும் தியோமான் தீவின் ஜுவாராவிலும் அலை எழும்பும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள் என்பதை, என் பட்டறைக்கு வந்து சேரும் உடைந்த பலகைகளைக் கொண்டே நான் அறிவேன். ஆகவே இந்த மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அண்ணனும் நானும் பணம் சேர்த்துப் பழைய பலகை ஒன்றை வாங்கினோம். உள்ளே வெள்ளை நுரை, மேலே எபாக்சி பூச்சு. டிசம்பரில் டெசாருவில் அலை அதன் மேல் விழுந்து நடுவில் இரண்டாக முறிந்துவிட்டது. ஒட்டும்போது முழுப் பலகையையும் கார்பன் துணியால் சுற்றிவிட்டால் இனி முறியாது, எடையும் பாதியாகக் குறைந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியே செய்யலாமா?
– ஒரு வாசகர், குளுவாங்

பதில்: தம்பி, முழுவதையும் சுற்ற வேண்டாம். உங்கள் நண்பர் சொன்ன இரண்டில் எடையை முதலில் பார்ப்போம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கார்பன் துணி, அதாவது கறுப்புக் கார்பன் இழையால் நெய்த துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளது. பலகைக்குப் பயன்படும் கண்ணாடி இழைத் (பைபர்கிளாஸ்) துணியில் சற்றுத் தடித்த வகையும் ஏறத்தாழ அதே 200 கிராம்தான். மெல்லிய வகை 136 கிராம். இருநூறு கிராம் துணி எந்த இழையால் நெய்யப்பட்டாலும் இருநூறு கிராம்தான் இருக்கும். கையால் பூசும்போது அது ஏறத்தாழ தன் எடைக்குச் சமமான ரெசினையும் (துணியை நனைத்து இறுகும் பசைத் திரவம்) குடிக்கிறது. கார்பன் எடையைக் குறைப்பது, இரண்டு அடுக்கு போட வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்போது மட்டுமே. அப்படி நிறுத்தினால் தோல், அதாவது நுரையைப் போர்த்தும் துணியும் ரெசினும் சேர்ந்த ஓடு, மெலிந்துவிடும். குதிகால் பதியும் இடத்தில் ஒரே பருவத்தில் குழி விழும்.

பலகையின் எடையை உண்மையில் தீர்மானிப்பதில் நுரைக்குப் பெரும்பங்கு உண்டு. முப்பது லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள வெள்ளை போலிஸ்டரின் நுரையானால் உள்ளீட்டின் எடை 900 கிராம். 45 கிலோ எடையுள்ள பழைய வகைப் போலியூரித்தேன் நுரையானால் 1,350 கிராம். கறுப்புத் துணியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, நுரையைத் தேர்ந்தெடுத்த அளவிலேயே 450 கிராம் வேறுபட்டுவிடுகிறது. ‘கார்பன் பலகை இறகுபோல் இருக்கிறது’ என்று சொல்பவர்களில் பலர் அந்த நுரையைத்தான் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இனி முறிவுக்கு வருவோம். உங்கள் பலகை எப்படி முறிந்தது என்பதைத் துண்டுகளே சொல்லும். இரு துண்டுகளையும் வெயிலில் வைத்து, முறிந்த விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பக்கத்துத் தோல் இழை இழையாகப் பிய்ந்திருக்கும். மற்றப் பக்கத்தில், முறிவுக்கு இருபுறமும் தோல் நுரையை விட்டுக் கழன்று, மடித்த அட்டைபோல் ஒரு சுருக்கம் ஓடியிருக்கும். பலகை வளையும்போது ஒரு தோல் இழுபடுகிறது, மறுதோல் நெருக்குண்கிறது. முதலில் தோற்பது பெரும்பாலும் நெருக்குண்ட தோலே. அது அறுவதில்லை, நுரை அதைத் தாங்க முடியாமல் விட்டுவிட, மடிந்துபோகிறது. அது மடிந்த கணத்தில் சுமை முழுவதும் மறுதோலின் மேல் விழுந்து அதைக் கிழித்துவிடுகிறது.

இழையின் விறைப்பு மூன்று மடங்கானால், தோல் மடியாமல் தாங்கும் அளவும் மூன்று மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. கண்ணாடி இழையின் விறைப்பு ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பு 230. மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆனால் நுரையின் மேல் ஒட்டிய தோல் மடிவதைக் கணக்கிடும் வாய்பாட்டில் தோலின் விறைப்பு, நுரையின் விறைப்பு, நுரையின் சறுக்கு விறைப்பு (அடுக்குகள் பக்கவாட்டில் நழுவுவதை எதிர்க்கும் திறன்) ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் தொகையின் கனமூலம்தான் வருகிறது. ஆகவே, மூன்று மடங்கு விறைப்புள்ள துணியைப் போட்டும் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை மடங்குத் தாங்குதிறனே. நுரையின் இரு விறைப்புகளையும் இரட்டிப்பாக்கும் சற்று அடர்ந்த கட்டையை எடுத்திருந்தால், மலிவான கண்ணாடித் துணியோடே அதற்குச் சற்று மேலான பலன் கிடைத்திருக்கும்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். சாதாரணக் கார்பன் இழை தன் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு நீண்டவுடன் அறுந்துவிடும். கண்ணாடி இழை ஏறத்தாழ நான்கரை விழுக்காட்டுக்கும் மேல் நீளும். முழங்கால் மோதினாலும் பாறை இடித்தாலும் கண்ணாடித் தோல் வெள்ளையாகக் கன்றிப்போய் அடி பட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கார்பன் தோல் சட்டென்று வெடிக்கும்; அல்லது உள்ளே வெடித்தும் வெளியே கறுப்பாகவே இருந்து உங்களை ஏமாற்றும். இதனால்தான் முழுக் கார்பன் தோல் செய்பவர்கள் கெவ்லார் போன்ற வேறு இழைகளைக் கலந்து நெய்த துணியை நாடுகிறார்கள்.

அப்படியானால் கார்பனுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. பலகையின் முழு நீளத்துக்கும் ஓடி, வளைவைக் கட்டுப்படுத்தி, வளைந்ததை விரைந்து நிமிர்த்தும் வேலைக்கு அது மிக நன்று. பழைய பலகைகளில் நடுவே ஓடும் மெல்லிய மரச்சட்டம் செய்த வேலை அது. சிட்னியைச் சேர்ந்த பலகைத் தொழிலர் ஹேடன் காக்ஸ் அந்த மரச்சட்டத்தையே நீக்கிவிட்டு, இருபக்க விளிம்பின் வளைவை ஒட்டிக் கார்பன் பட்டையை ஓடவிட்டார். பலகையின் நடுப்பகுதி கண்ணாடித் துணியின் இணக்கத்தோடு இருக்க, விளிம்புகள் வில்போல் மீள்கின்றன. முழுவதையும் கார்பனால் சுற்றிய பலகையோ கலங்கிய நீரில் ஒவ்வொரு சிற்றலையையும் பாதத்துக்குச் சொல்லும். நெடுநேரம் ஓட்டினால் முழங்காலில் அலுப்புத் தெரியும். சிலருக்கு அந்த விறைப்புப் பிடிக்கும். பருவமழைக் காற்றில் கலைந்து வரும் டெசாரு அலைக்கு அது ஏற்றதன்று என்பது என் கருத்து.

உங்கள் பலகைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளை நுரை மணிகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்திருக்கும். இரு துண்டுகளையும் முறிவு கீழே பார்க்கும்படி நிழலில் சாய்த்து, எடை குறைவது நிற்கும்வரை, சில வாரங்களானாலும் உலரவிடுங்கள். கழன்ற தோலை வெட்டி எடுத்துவிட்டு, ரெசினில் நுண்மணித் தூளை (ரெசினைத் தடிக்கவைக்கும் நிரப்புத் தூள்) களிபோல் குழைத்து நுரையோடு நுரையை ஒட்டுங்கள். முறிவுக்கு இருபுறமும் ஒரு சாண் அளவுக்குப் பழைய தோலைத் தேய்த்து, ஒன்றைவிட ஒன்று நீளமான மூன்று கண்ணாடித் துணிகளைப் போடுங்கள். கார்பன் ஆசை இருந்தால், இரு விரல் அகலப் பட்டை ஒன்றை அடியில் நீளவாக்கில் போட்டு, அதன் முனைகளை ஈட்டிபோல் கூராக வெட்டுங்கள்.

முனையைக் கூராக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாகக் கார்பன் வைத்து ஒட்டிய பலகையில், பட்டையைக் கத்தரியால் நேராக வெட்டி, மேலும் கீழும் ஒரே கோட்டில் முடித்தேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பலகை திரும்பி வந்தது. ஒட்டிய இடம் இரும்பாக இருந்தது. பட்டை முடிந்த கோட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பலகை புதிதாக முறிந்திருந்தது. விறைத்த பகுதி சட்டென்று முடிந்து இணக்கமான பகுதி தொடங்கும் இடத்தில் வளைவெல்லாம் குவிந்துவிடும் என்பதை அன்று அந்த முறிவைத் தடவிப் பார்த்துத்தான் நான் கற்றேன். அந்தப் பிள்ளைக்கு வேறு பலகை செய்துகொடுத்தேன்.

கேள்வி: வன்பொருள் கடையில் பைபர்கிளாஸ் ரெசின் என்று கேட்டு வாங்கி, வெள்ளை நுரையின் மேல் விரித்த கார்பன் துணியில் ஊற்றினேன். சிறிது நேரத்தில் நுரை குழைந்து கை நுழையும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. கார்பன் நுரையை அரித்துவிட்டதா?
– ஒரு வாசகர், ரெங்கம்

பதில்: கார்பன் எதையும் அரிக்கவில்லை. நீங்கள் வாங்கியது போலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரின் என்னும் திரவம் போலிஸ்டரின் நுரையைக் கரைத்துவிடும். மீகோரிங் கட்டிக்கொடுக்கும் வெள்ளைப் பெட்டியும் அதே நுரைதான். அதில் ஒரு துண்டை எடுத்து ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பார்த்திருந்தால் பலகை பிழைத்திருக்கும். வெள்ளை நுரைக்கு எபாக்சி மட்டுமே. போலியூரித்தேன் நுரைக்கு இரண்டும் பொருந்தும்.

நெடுங்காலம் பெரும்பாலான பட்டறைகள் போலியூரித்தேனும் போலியெஸ்டரும் கொண்டே பலகை செய்தன. அமெரிக்காவில் மிகப் பெரும்பாலான பட்டறைகளுக்கு நுரைக்கட்டை அனுப்பிவந்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. கட்டை கிடைக்காமல் தவித்த தொழிலர்கள் வேறு நுரைகளையும் எபாக்சியையும் முன்னைவிட அக்கறையோடு கையில் எடுத்தார்கள். கார்பன் பலகைகள் இன்று இவ்வளவு கண்ணில் படுவதற்கு அந்த மாற்றமும் வழிவிட்டது.

கேள்வி: செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்தும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் நம் நாட்டில் கரி எடுக்கிறார்கள். கார்பன் இழையும் அந்தக் கரிதானா? என் மாணவர்கள் கேட்கிறார்கள்.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், லாயாங்-லாயாங்

பதில்: தனிமம் ஒன்றே, அடுக்கு வேறு. சிரட்டைக் கரியில் கார்பன் அணுக்கள் ஒழுங்கின்றி, நுண்துளைகளோடு குவிந்திருக்கின்றன. அந்தத் துளைகளால்தான் அது தண்ணீரைச் சுத்திகரிக்கிறது. இழையில் அணுக்களின் தகடுகள் நீளவாக்கில் வரிசைப்பட்டு நிற்கின்றன. அந்த வரிசைதான் வலிமை. எடிசன் 1879ஆம் ஆண்டில் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கில் எரித்தார். அதுவும் கார்பன் இழைதான், ஆனால் கை பட்டால் நொறுங்கும். வலிமையான இழைக்கு இன்று மூலப்பொருளாக இருப்பது பெரும்பாலும் போலியக்ரைலோநைட்ரைல் என்னும் செயற்கை நூல். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ அந்த நூலிலிருந்து இழை எடுத்துக் காட்டினார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தார் அதன் வலிமையைப் பெருக்கினார்கள். 1971இல் ஜப்பானின் தோரே நிறுவனம் அதை விற்பனைக்கு உற்பத்தி செய்யத் தொடங்கியது.

நூலை இழுத்துப் பிடித்தபடியே முதலில் 200 முதல் 300 டிகிரி வெப்பக் காற்றில் பதப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். காற்றுப் புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். கரி மூட்டத்தை மண்ணால் மூடுவதும் இதே காரணத்துக்காகத்தான் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். இவ்வாறு கிடைக்கும் ஒற்றை இழையின் தடிமன் ஏறத்தாழ ஏழு மைக்ரோன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. துணியின் மேல் ‘3கே’ என்று எழுதியிருந்தால், நெசவில் ஓடும் ஒவ்வொரு கட்டிலும் அத்தகைய இழைகள் மூவாயிரம் இருக்கின்றன என்று பொருள். என் பட்டறையில் அரை அடி அகலத் துண்டு ஒன்று இருக்கிறது. வகுப்பில் காட்ட விரும்பினால் தருகிறேன்.

கேள்வி: எபாக்சியைக் கலந்து வைத்துவிட்டுத் துணியை விரிப்பதற்குள் கோப்பையிலேயே புகை கிளம்பிக் கல்லாகிவிட்டது. மறுமுறை, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் குறைத்தேன். இரண்டு வாரமாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை.
– ஒரு வாசகர், பாலோ

பதில்: நீங்கள் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். கூடினால் விரைவில் உறையும், குறைந்தால் தாமதமாகும். போலியெஸ்டர் ரெசினும் ஏறத்தாழ அந்தக் குணமுடையது. அதன் வினையூக்கியை ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்று வெயிலுக்குத் தக்கபடி மாற்றலாம். எபாக்சி அப்படியன்று. அதில் ஹார்டனர் வெறும் தூண்டுகோலாக நிற்பதில்லை. ரெசினோடு கைகோத்து அதுவே பொருளின் ஒரு பகுதியாகிறது. குறைத்தால் கைகோக்க ஆளில்லாத ரெசின் மிஞ்சும். அதுதான் உங்கள் பிசுபிசுப்பு. அது இனி இறுகாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தைத் தராசில் வைத்து அளந்து கலக்குங்கள். வேகம் குறைய வேண்டுமானால் மெதுவாக இறுகும் வகை ஹார்டனரைக் கேட்டு வாங்குங்கள்.

கோப்பையில் புகைந்ததற்குக் காரணம் அளவும் இடமும். இறுகும்போது எபாக்சி வெப்பம் விடுகிறது. அது வெளியேற வழியில்லாத குறுகிய கோப்பையில் தன் சூட்டிலேயே தன்னை விரைவுபடுத்திக்கொள்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். டப்பாவில் 20 அல்லது 25 டிகிரிக்கு எழுதிய நேரத்தை நம் பகல் சூட்டில் நம்ப முடியாது. சிறிது சிறிதாகக் கலந்து, கலந்தவுடன் துணியின் மேல் பரப்பிவிடுங்கள்.

நான் கார்பன் வேலையைப் பிற்பகல் மழை ஓய்ந்து சூடு இறங்கும் மாலை ஐந்து மணிக்குப் பிறகே தொடங்குகிறேன். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர ரெசினைத் துளைத்துக்கொண்டு கொப்புளமாக வெளியே வரும். மாலையில் அந்தக் காற்று சுருங்குவதால் ரெசின் உள்ளே இழுபடும். கண்ணாடித் துணி நனைந்ததும் நீர்போல் தெளிந்துவிடுவதால் எங்கே காற்று நிற்கிறது என்பது தெரியும். கார்பன் துணி நனைந்தாலும் நனையாவிட்டாலும் கறுப்பே. விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, பளபளப்பு அற்றுச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் இடங்களைத் தேடி, அங்கே ரெசினை மெல்லத் தட்டி இறக்குங்கள். மழைக்கால ஈரத்தில் மறுநாள் பலகையின் மேல் மெழுகுபோல் வழுவழுப்பு படிந்திருந்தால், அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். கழுவாமல் பூசினால் ஒட்டாது.

கேள்வி: என் மகன் வீட்டு அஞ்சடியில் (முன்வாசல் நடையில்) வைத்துக் கார்பன் பலகையைத் தேய்க்கிறான். துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கறுப்பாகிறது. பேரக் குழந்தை தவழும் இடம். இது விஷமா?
– ஒரு தாயார், சிம்பாங் ரெங்கம்

பதில்: அம்மா, அஞ்சடியில் தேய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தூளில் நுண்ணிய இழைத் துணுக்குகளும் எபாக்சிப் பொடியும் கலந்திருக்கின்றன. தோலையும் கண்ணையும் உறுத்தும், மூச்சுக்குள் போகக் கூடாது. வீட்டிலிருந்து தள்ளிய திறந்த இடத்தில், என்95 தரத்துக்குக் குறையாத முகக் கவசமும் கண்ணாடியும் நீளக் கைச் சட்டையும் அணிந்து, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் ஈரத் தேய்ப்பாகத் தேய்த்தால் தூள் பறக்காது. அந்த உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்தத் தூள் மின் கருவிகளுக்குள் போனாலும் ஆபத்து.

இறுகாத ரெசினும் ஹார்டனரும் தூளைவிடக் கவலைக்குரியவை. கையுறை இல்லாமல் தொட்டுப் பழகியவர்களுக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ ஒவ்வாமை தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அது விலகுவதில்லை, தொழிலையே விட வேண்டி வரும். கையில் பட்டால் தின்னரால் துடைக்கக் கூடாது, அது ரெசினைத் தோலுக்குள் இறக்கும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். உங்கள் மகனை என் பட்டறைக்கு அனுப்பிவையுங்கள். அவருக்கு ஆர்வம் இருக்கிறது, இடம்தான் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் ஒரு மேசையை ஒதுக்கித் தர என்னால் முடியும்.

கேள்வி: பழைய பலகை ஒன்றைக் ‘கார்பன்’ என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? அதை வெயிலில் விடக் கூடாதாமே?
– ஒரு வாசகர், மெர்சிங்

பதில்: கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடித் துணியும், நெசவு வடிவம் அச்சிட்ட தாளும் சந்தையில் உண்டு. பலகையில் எங்காவது அடிபட்டு இழை வெளியே தெரிந்தால், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அங்கே சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். கார்பனானால் மின்சாரம் ஓடுவதை முள் காட்டும். கண்ணாடியோ தாளோ காட்டாது. பூச்சு மூடிய இடத்தில் இந்தச் சோதனை பலிக்காது, ஏனெனில் ரெசின் மின்சாரத்தைத் தடுத்துவிடும். விற்பவர் அனுமதித்தால், பலகையின் அடியில் துடுப்பைப் பொருத்தும் ஃபின் பெட்டியின் ஓரத்தைப் பாருங்கள். இழை தெரிய வாய்ப்புள்ள இடம் அது. அங்கே இருக்கும் திருகாணிகளையும் பார்த்துவிடுங்கள். கார்பனும் சாதாரண எஃகும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகு விரைந்து துருப்பிடிக்கும்.

வெயிலைப் பற்றிக் கேட்டது சரி. கறுப்புத் தோல் வெள்ளைத் தோலைவிட மிகுதியாகச் சூடேறும். உள்ளே வெள்ளை நுரை இருந்தால் காற்று விரிந்து தோலை நுரையிலிருந்து கிளப்பிவிடும். அதற்காகத்தான் இத்தகைய பல பலகைகளின் மேல்தளத்தில் காற்றுப்போக்கித் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் உச்சிவெயிலில் விட்டுச் செல்லாதீர்கள். மேல்தளத்தை விரல் நுனியால் அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை இறுக்கமாக ஒரே சீராக வந்தால் தோல் ஒட்டியிருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே கழன்றுவிட்டது. அப்படி உள்ளங்கை அளவுக்கு மேல் கழன்ற பலகையை, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் நான் வாங்க மாட்டேன்.